ஆபத்து வேறு, ரிஸ்க் வேறு: குழப்பிக்கொள்ளாமல் பார்ப்பது எப்படி

ஒரு பாட்டில் நிறைய அடர் சல்ஃபியூரிக் அமிலம், ஆய்வுக்கூடத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. அதே பாட்டில், மூடி சரியாக இறுகாமல், குழந்தைக்குக் கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மேலே பட்டால் தோல் வெந்துவிடும். அந்தக் குணத்துக்குப் பெயர் ஆபத்து. யாராவது உண்மையிலேயே வெந்துபோக எவ்வளவு வாய்ப்பு, அப்படி நடந்தால் எவ்வளவு மோசமாகும் என்று கேட்டால் வரும் பதில்தான் ரிஸ்க். பாட்டில் இடம் மாறியதில் ஆபத்து கூடவும் இல்லை குறையவும் இல்லை, ரிஸ்க் மட்டும் எங்கேயோ ஏறிவிட்டது.

சாதாரணப் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவோம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. (பாடநூல்களில் ரிஸ்க்கை இடர் என்றும் சில இடங்களில் அபாயம் என்றும் எழுதுவார்கள், நான் வாயில் வருவதையே எழுதுகிறேன்.) முடிவெடுக்க வேண்டிய நேரத்தில்தான் சிக்கல். ஒரு மருந்தைச் சாப்பிடலாமா, ஒரு வேலையைத் தொடங்கலாமா, ஒரு செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா என்று வரும்போது ஒருவர் ஆபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவர் ரிஸ்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும், அதனாலேயே அந்தச் சண்டை விடிய விடிய முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு வாக்கியம் இரண்டில் எதைச் சொல்கிறது என்று தெரிய வேண்டுமா? அதைப் பார்த்து "யாருக்கு, எவ்வளவு, எத்தனை தடவை" என்று கேளுங்கள். "மின்சாரம் ஆளைக் கொல்லும்." யாருக்கு? எவ்வளவு மின்சாரம்? பதில் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. அப்படியானால் அது ஆபத்தைச் சொல்லும் வாக்கியம், உண்மைதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. "உறை உரிந்துபோன வயரை ஈரக் கையோடு தினமும் இழுத்துச் செருகுகிறவருக்கு ஷாக் அடிக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அடித்தால் உயிரே போகலாம்" என்பதில் ஆள் இருக்கிறார், சூழல் இருக்கிறது, எத்தனை தடவை என்பதும் இருக்கிறது. இது ரிஸ்க்.

ஆபத்துக்கும் ரிஸ்க்குக்கும் நடுவில் தொடர்பு என்று ஒன்று உண்டு, அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பொருள் உங்கள் மேல் படவே இல்லை, உங்களுக்குள் போகவே இல்லை என்றால் அது எவ்வளவு கொடியதாக இருந்தாலும் உங்களுக்கு ரிஸ்க் இல்லை. பட்டால்கூட எவ்வளவு பட்டது என்பது அடுத்த கேள்வி. அளவுதான் விஷத்தை விஷமாக்குகிறது என்ற கருத்தை 16ஆம் நூற்றாண்டிலேயே பாராசெல்சஸ் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். பாட்டுலினம் நச்சை எடுத்துக்கொள்ளுங்கள், நமக்குத் தெரிந்த நச்சுகளிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று, அதையேதான் மிக மிகச் சிறிய அளவில் தசை இழுப்புக்கும் முகச் சுருக்கத்துக்கும் டாக்டர்கள் ஊசியாகப் போடுகிறார்கள். நச்சின் குணத்தில் ஒரு மாற்றமும் இல்லை, உள்ளே போகும் அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று, ரிஸ்க்கில் வாய்ப்பு, விளைவு என்று இரண்டு பாதி இருக்கிறது. "அதெல்லாம் நடக்காதுப்பா" என்பவர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார், "நடந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா" என்பவர் இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

செய்தியைப் படிக்கும்போது

இந்த வித்தியாசம் தெரியாததால் அதிகமாகப் பயப்படுவது உடல்நலச் செய்திகளைப் பார்த்துத்தான். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. அதே முதல் பிரிவில்தான் புகைபிடித்தலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கின்றன. உடனே உலகம் முழுக்கத் தலைப்பு வந்தது, சாசேஜ் சாப்பிடுவதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்று என்று.

ஒன்றே இல்லை. அந்த முகமை பிரிக்கும் பிரிவுகள் ஆபத்தைப் பற்றியவை. இந்தப் பொருளால் மனிதருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன, எத்தனை பேருக்கு வரும் என்பதை இல்லை. முதல் பிரிவு என்றால் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான். ரிஸ்க் தெரிய வேண்டுமானால் வேறு எண்களைப் பார்க்க வேண்டும், அதையும் அந்த முகமையே அப்போது கேள்வி-பதிலாக வெளியிட்டது: பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவுப் பழக்கத்தால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் இறப்புகள், புகையிலையால் சுமார் 10 லட்சம், மதுவால் சுமார் 6 லட்சம் என்று மதிப்பீடுகளை எடுத்துக் காட்டியது. ஒரே பிரிவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பொருளுக்கு நடுவில் இவ்வளவு இடைவெளி.

2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு விஷயத்தில் இதே கதை இன்னும் தெளிவாக நடந்தது, ஏனென்றால் இந்தத் தடவை இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசின. புற்றுநோய் முகமை அதை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற 2பி பிரிவில் போட்டது, கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இது ஆபத்தைப் பார்க்கும் குழு. உணவுச் சேர்க்கைகளின் ரிஸ்க்கைப் பார்ப்பது வேறு நிபுணர் குழு, அது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகலாம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணம் இல்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, கேன் ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், தினமும் 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும், அதுவும் வேறு எதிலும் அஸ்பார்டேம் சேராமல் இருந்தால். "விஞ்ஞானிகளே ஒருத்தருக்கொருத்தர் முரண்படுகிறார்கள்" என்று அப்போது பலர் எழுதினார்கள். முரண்பாடே இல்லை, இரண்டு குழுவும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள்.

ஆக, "இது புற்றுநோய் உண்டாக்கும்" என்று எதையாவது படித்தால் முதலில் தேட வேண்டியது, சொன்னது ஆபத்தைப் பார்க்கும் குழுவா, ரிஸ்க்கைப் பார்க்கும் குழுவா என்று. பிரிவு எண் மட்டும் இருந்து அளவு இல்லை என்றால் பயப்படவும் வேண்டாம், அலட்சியமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அளவு வரும்வரை அந்தச் செய்தி பாதிதான்.

அளவைச் சொன்னாலும் விடாதீர்கள்

சரி, அளவும் கொடுத்துவிட்டார்கள், "பதப்படுத்திய இறைச்சியை 50 கிராம் தினமும் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ரிஸ்க் 18 சதவீதம் கூடும்." எதிலிருந்து கூடுகிறது? அடிப்படை எண் தெரியாமல் இந்த 18க்குப் பொருளே இல்லை. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 6 ஆகிறது. இதைப் பார்த்து ஒருவர் விட்டுவிடலாம் என்று நினைக்கலாம், இன்னொருவர் பரவாயில்லை என்று நினைக்கலாம், இரண்டுமே நியாயமான முடிவுகள்தான், ஆனால் 18 என்ற எண்ணை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு நியாயமாக இருக்க வாய்ப்பில்லை.

இது வெறும் கணக்குப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 1995இல் பிரிட்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் கட்டு வரும் ரிஸ்க் இரண்டு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது, ஊடகங்கள் அதைப் பெரிதாகப் போட்டன. உண்மையில் அது 7,000 பெண்களில் 1 என்பதிலிருந்து 7,000 பெண்களில் 2 ஆனது. இரட்டிப்பு என்பது பொய்யில்லை. ஆனால் பயந்துபோய் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பமாக இருக்கும்போது ரத்தக் கட்டு வரும் ரிஸ்க் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இதில் இன்னும் கொடுமை. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பாடம் வேறு இல்லை. "இத்தனை மடங்கு", "இத்தனை சதவீதம் அதிகம்" என்று யார் சொன்னாலும், "ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்பது எத்தனை பேர் ஆகிறது" என்று திருப்பிக் கேளுங்கள், பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் அவரிடம் ரிஸ்க் பற்றிய தகவல் இல்லை.

ஒரே அளவு நிலநடுக்கம், வேறு வேறு கதை

தொடர்பு மட்டுமில்லை, தாங்கும் சக்தியும் ரிஸ்க்கை மாற்றும் என்பதற்கு நிலநடுக்கம்தான் நல்ல உதாரணம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் வந்தது 7.0 அளவு, மிகக் குறைவான மதிப்பீடுகளை எடுத்தால்கூட பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள், வேறு மதிப்பீடுகள் லட்சங்களில் போகின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு மேற்கே, விடியற்காலையில் வந்தது 7.1 அளவு. கட்டடம் இடிந்து ஒருவர்கூடச் சாகவில்லை. வலுவான கட்டட விதிகள், நகரத்திலிருந்து தூரம், ஆட்கள் தெருவில் இல்லாத நேரம். ஆனால் ஐந்து மாதம் கழித்து, 2011 பிப்ரவரியில், 6.2 அளவில் அதைவிடச் சிறியது ஒன்று நகரத்துக்கு வெகு அருகில், ஆழம் குறைவாக, நண்பகலில் வந்து 185 பேரைக் கொன்றது. ரிக்டர் எண்ணைப் பார்த்து ரிஸ்க்கைச் சொல்ல முடியாது. அந்த எண் ஆபத்தின் அளவு, அதில் யார் எங்கே எந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார்கள் என்பது கிடையாது.

வேலை இடத்தில் படிவம் நிரப்புகிறவர்களுக்கு

ரிஸ்க் அசெஸ்மென்ட் என்று ஒரு அட்டவணையைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். முதல் கட்டம் ஆபத்து. அதில் எழுதப்படுவதைப் பார்த்தால் பெரும்பாலும் ஆபத்தைத் தவிர எல்லாம் இருக்கும். "கீழே விழுதல்" என்று எழுதுவார்கள், அது நடக்கும் சம்பவம். "கால் முறிவு" என்று எழுதுவார்கள், அது விளைவு. "ஹெல்மெட் போடவில்லை" என்பது இன்னும் மோசம், அது இல்லாமல் போன பாதுகாப்பு, ஹெல்மெட் போட்டுவிட்டால் மேலிருந்து விழும் ஸ்பேனர் காணாமலா போகும்? தரையில் கொட்டிக் கிடக்கும் எண்ணெய்தான் ஆபத்து. அதில் வழுக்குவது சம்பவம், இடுப்பு எலும்பு முறிவது விளைவு, அந்த வழியாக ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ன சுமையோடு நடக்கிறார்கள் என்பதை வைத்து வருவது ரிஸ்க். இந்த வரிசையில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் பாதித் தவறு தானாகவே போய்விடும்.

அப்புறம் அந்த ஐந்துக்கு ஐந்து கட்டம். வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவுக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி ஒரு எண், பச்சை, மஞ்சள், சிவப்பு. வசதிதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி நடக்கும் சின்னக் கீறலுக்கு 5×1, எப்போதாவது நடக்கும் உயிரிழப்புக்கு 1×5, இரண்டுக்கும் விடை 5 என்று வந்து இரண்டும் பச்சையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அட்டவணைக்குத்தான் தெரியாது. விளைவில் 5 வந்த எதையும் பெருக்கல் விடையை நம்பி விட்டுவிடாமல் தனியாக எடுத்து வைத்துப் பேசுங்கள்.

எதைக் குறைக்கப் போகிறீர்கள்

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் உண்மையான லாபம் இங்கேதான். பாதுகாப்புத் துறையில் ஒரு படிவரிசை சொல்வார்கள்: முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வை, அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, கவசம், காற்றோட்டம் போன்ற பொறியியல் ஏற்பாடு, அப்புறம் விதிமுறையும் பயிற்சியும், கடைசியாகக் கையுறை, கண்ணாடி, முகமூடி. முதல் இரண்டும் ஆபத்தின் மேலேயே கை வைக்கின்றன. மற்ற மூன்றும் ஆபத்தை அப்படியே விட்டுவிட்டு ரிஸ்க்கை மட்டும் குறைக்கின்றன, அதாவது யாராவது தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் பார்க்காமல் விட்டால் ரிஸ்க் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், ஏனென்றால் ஆபத்து எங்கேயும் போகவில்லை.

1984 டிசம்பரில் போபால் பூச்சிக்கொல்லி ஆலையில் விஷவாயு கசிந்தபோது நடந்தது இதுதான். மீத்தைல் ஐசோசயனேட் அங்கே விற்கும் பொருள்கூட இல்லை, பூச்சிக்கொல்லி தயாரிக்கும் வழியில் நடுவில் வரும் ஒரு ரசாயனம். அதைத் தொட்டியில் பல பத்து டன் சேர்த்து வைத்திருந்தார்கள். காகிதத்தில் பாதுகாப்புக்குக் குறைவில்லை: தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம், கசியும் வாயுவைக் கழுவும் கோபுரம், எரித்துவிடும் கோபுரம். குளிர்விப்பான் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது, எரிக்கும் கோபுரம் பராமரிப்பு வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது, கழுவும் கோபுரத்தாலும் அவ்வளவு வாயுவைச் சமாளிக்க முடியவில்லை. ரிஸ்க்கைக் குறைக்க வைத்த ஏற்பாடுகள் இப்படி ஒவ்வொன்றாக இல்லாமல் போக, ஆபத்து மட்டும் முழுசாக அங்கேயே இருந்தது. அவ்வளவு சேமித்து வைத்திருக்கத் தேவையில்லை, அந்த ரசாயனமே வராத வேறு தயாரிப்பு முறையும் இருந்தது. அதற்குப் பிறகுதான் "குறைவாக வை, அல்லது வைக்கவே வைக்காதே" என்ற யோசனையை ரசாயனத் தொழில் பெரிதாக எடுத்துக்கொண்டது.

இதனால்தான் "ரிஸ்க் குறைவு" என்று யாராவது சொன்னால் நான் அடுத்து ஒன்று கேட்பேன்: ஆபத்து இல்லாததால் குறைவா, தடுத்து வைத்திருப்பதால் குறைவா? தடுத்து வைத்திருப்பதால் என்றால் அந்தத் தடுப்பை யார் பார்த்துக்கொள்கிறார், கடைசியாக எப்போது சோதித்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் ரிஸ்க் குறைவு என்ற பேச்சை நம்பாதீர்கள். விமானப் பயணமும் இந்த இரண்டாவது வகைதான். பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதில் ஆபத்து கொஞ்சமும் குறையவில்லை, ரிஸ்க் இவ்வளவு கீழே இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் ஓயாத பராமரிப்பும் சோதனையும்.

பணத்திலும் இன்சூரன்ஸிலும் மட்டும் கவனம்

மேலே சொன்னதெல்லாம் உடல், வேலை, இயற்கை சம்பந்தப்பட்ட இடங்களில் அப்படியே செல்லும். பண விஷயத்தில் கொஞ்சம் மாறும். முதலீடு பற்றிப் பேசுகிறவர்கள் ரிஸ்க் என்றால் பல நேரம் விலை மேலும் கீழும் ஆடும் அளவைச் சொல்கிறார்கள், அதில் ஏற்றமும் சேர்த்தி. பொருளியலில் ஃபிராங்க் நைட் 1921இல் இன்னொரு கோடு போட்டார்: வாய்ப்பைக் கணக்கிட முடிந்தால் அது ரிஸ்க், கணக்கிடவே முடியாவிட்டால் அது நிச்சயமின்மை. பகடையில் ஆறு விழுமா என்பது முதல் வகை, இதுவரை யாரும் செய்யாத ஒரு தொழில் ஓடுமா என்பது இரண்டாவது. இரண்டாவது வகைக்கு "70 சதவீத வாய்ப்பு" என்று எண் போட்டுக் கொடுப்பவரிடம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் பத்திரம் இன்னும் விசித்திரம். நஷ்டத்தை உண்டாக்கும் தீ, வெள்ளம், திருட்டு போன்றவற்றுக்கு அங்கே பெரில் என்று தனிச் சொல் இருக்கிறது. ஹசார்ட் (இதுவரை நான் ஆபத்து என்று சொன்னதற்கான ஆங்கிலச் சொல்) என்று அவர்கள் சொல்வது அந்தத் தீ பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும் நிலைமையை, உதாரணமாக கட்டடத்துக்குள் பெட்ரோல் சேமித்து வைத்திருப்பதை. ரிஸ்க் என்ற சொல்லைச் சில நேரம் காப்பீடு செய்யப்பட்ட கட்டடத்துக்கே பயன்படுத்துவார்கள். அதனால் தொழிற்சாலைப் பாதுகாப்பில் கற்ற பொருளை வைத்துக்கொண்டு பாலிசியைப் படிக்காதீர்கள், அதில் இருக்கும் வரையறைப் பகுதியை முதலில் படித்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.